ஆனி இருபத்தேழு

லெட்டருக்குப் பின்பக்கம், இண்டர்வியூ முடிஞ்ச பிறகு உமக்குக் கல்யாணம் ஏதும் ஆச்சான்னு கேட்டிருக்கான். முதல் கேள்வியே அதுதான். அறுபத்தாறு வயசுல எனக்குக் கல்யாணம். இல்லைன்னு டிக் போட்டுட்டேன். போட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னதை வீட்டுக்காரி சொர்ணம் பாத்துட்டா. சுகர் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா, போட்டாச்சு போட்டாச்சுன்னு எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவ என்ன செய்வா. மகள் கல்யாணத்துக்கு எடுத்த அதே மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கிட்டு வந்திருக்கா, மடிப்புகூடக் கலையல, பதினாலு நாள்தானே ஆச்சு. ரெண்டாவது கேள்வி, வெளிநாடு ஏதும் போனீரா. ஆமான்னு டிக். என்னத்துக்குப் போனீர்னு எழுத அடியில கோடு போட்டு விட்டிருக்கான், அந்தக் கோட்டுல மட்டும் ஒண்ணும் எழுதாம வச்சிருக்கேன். மேசைக்குப் போனா அவியளே கேப்பாவ, வாயால சொல்லிக்கிடலாம்னு சங்கரலிங்கம் கார்ல வரும்போது சொன்னான். என் மகன். இறக்கி விட்டுட்டு மீட்டிங்னு போயிட்டான். வாயால சொல்லிக்கிடலாம், சரி, என்னத்தச் சொல்ல. வரிசை நகருதா நிக்குதான்னே தெரியல. எனக்கு முன்னால ஒரு சீனாக்காரர், கோட்டு சூட்டு, காதோரம் இப்பத்தான் வெட்டின முடி. பின்னால ஒரு பொண்ணு இடுப்புல பிள்ளையை வச்சிருக்கா, பிள்ளை கையில அதுக்குள்ள ஒரு குட்டிக் கொடி. இன்னைக்கு இந்த ஹால்ல இருக்க இருநூறு பேருக்கும் நல்ல நாள். கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினா நாங்கள்லாம் அமெரிக்கக்காரங்க. சங்கரன்கோவில் மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்த சு. ஆவுடையப்பனும் அமெரிக்கக்காரன். நேத்து காலை வரைக்கும் இதை நெனைச்சா சிரிப்பு வரும். இப்ப வரல.

நேத்து மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. அந்த போனை நேத்து பண்ணாம இருந்திருந்தா இன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியா நின்னிருப்பேன். வக்கீல் ஆபீஸ்ல பத்மப்பிரியான்னு ஒரு பிள்ளை, நம்ம பக்கத்துப் பிள்ளைதான், தூத்துக்குடி. என் மகள் கோமதிக்கு நான் போட்ட விசா பேப்பரை ஆறு வருசமா அவதான் பாத்துக்கிடுதா. நாளைக்கு நான் சிட்டிசன் ஆயிடுவேன்மா, மகளுக்கும் கல்யாணம் ஆயிட்டு, கேஸ்ல மாப்பிள்ளை பேரையும் சேத்து மாத்திப் போடணும்னு நானே பெருமையா போன் போட்டேன். அங்கிள் கங்கிராட்ஸ்னா. கல்யாணத் தேதி சொல்லுங்கன்னா. பத்திரிகையைக் கையில வச்சிக்கிட்டு, நிகழும் மங்களகரமான ஆனி மாதம் இருபத்தேழாம் நாள்னு நீட்டி வாசிச்சேன். இங்கிலீஷ் தேதி அங்கிள்னு சிரிச்சா. ஜூலை பதினொண்ணு. அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்னு போச்சு. சத்தியம் பண்ற ஓத் எப்ப அங்கிள்? நாளைக்கும்மா, இருபத்தஞ்சு. மறுபடியும் ஜூலை பதினொண்ணுதானான்னு கேட்டா. மூணு தடவை கேட்டா. கரண்டு போன வீட்டுல போன் பண்ணி எப்ப வரும் எப்ப வரும்னு கேப்பாவள்ல, அது மாதிரி கேட்டா. பிறகு மெதுவா சொன்னா. கிரீன் கார்டுக்காரர் தன்னோட பிள்ளைக்குப் போட்ட கேஸ், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாத வரைக்கும்தான் உயிரோட இருக்கும் அங்கிள், கல்யாணம் ஆன நிமிசமே தானாப் போயிடும், யாரும் வந்து கேன்சல் பண்ணணும்னுகூட இல்ல. நீங்க சிட்டிசன் ஆனப்புறம் கல்யாணம் ஆயிருந்தா வேற பிரிவுக்கு மாறியிருக்கும், கேஸ் போட்ட பழைய தேதி, வரிசையில பிடிச்ச இடம், அப்படியே இருந்திருக்கும். நான்தான் ஏப்ரல்லயே சிட்டிசன் பரீட்சை பாஸ் ஆயிட்டேனே அம்மான்னேன். பாஸ் வேற, சிட்டிசன் வேற அங்கிள்னா.

பாஸ் வேற சிட்டிசன் வேற. ராத்திரி பூரா இதுதான் ஓடுச்சு. நான் பி.ஏ. தபால்ல படிச்சவன். கம்பத்துல ஏறி இறங்கிட்டு வந்து ராத்திரி உக்காந்து படிச்சு, வரலாறு, மூணு வருசம். ரிசல்ட் வந்த அன்னைக்கே வாசல்ல பெயிண்டர் முத்தையாவைக் கூப்பிட்டு பெயர்ப்பலகையில பி.ஏ. எழுதச் சொன்னேன். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவே இல்ல. கருப்பு அங்கி மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கணும், அதுக்கு லீவு எவன் கொடுப்பான். சர்டிபிகேட் தபால்ல வந்தது. போகாததால பட்டம் இல்லைன்னு ஆயிட்டா? பரீட்சை பாஸ் ஆனா பட்டதாரி, விழாங்கிறது ஒரு போட்டோவுக்கு. அப்படித்தான் ஏப்ரல்ல அந்த ஆபீசர் எந்திரிச்சு கை கொடுத்து கங்கிராஜுலேஷன்ஸ் யூ பாஸ்டுன்னு சொன்னதும், பத்துக் கேள்வியில ஆறே போதும்னான், நான் ஆறும் ஒரே மூச்சுல சொல்லிட்டேன், கார்ல ஏறினதும் முதல் வேலையா ஊருக்குப் போன் போட்டு கோமு, அப்பா சிட்டிசன் ஆயிட்டேன், இனி உனக்கு எப்ப வேணாலும் கல்யாணம் வைக்கலாம்னு சொன்னேன். சத்தியம் பண்ணுத விழா பிறகு ஒரு நாள் வைப்பாவளாம், லெட்டர் வருமாம். வந்தா வரட்டும். இதைக் கேட்டுட்டு வண்டி ஓட்டின சங்கரலிங்கமும் ஒண்ணும் சொல்லல. அவனுக்கும் தெரியல, இல்ல அவன் காதுல விழல. அவனைக் குத்தம் சொல்லி என்ன, அவன் என்ன மந்திரியா. முப்பத்தொரு வருசம் லைன்மேன் பயலுவளுக்கு நான் சொன்ன ஒரே பாடம், லைன் கிளியர் பேப்பர் கையில வராம கம்பத்துல ஏறாத, ஆஃப் பண்ணியாச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாத, சப்ஸ்டேசன்காரன் உன் மச்சானா இருந்தாலும் நம்பாத, பேப்பர் வரட்டும். கத்தியிருக்கேன். ஒருத்தனை இதுக்காக அடிச்சே இருக்கேன். நானே பேப்பர் வராம ஏறிட்டேன். ஏறினது நான், கருகிப் போனது என் பிள்ளையோட கேஸ்.

சீனாக்காரர் ஒரு அடி முன்னால போனாரு, நானும் ஒரு அடி. இப்ப மேசை தெரியுது. மூணு மேசை, நடு மேசையில ஒரு கருப்பினத்து அம்மா, வயசு என் வயசு இருக்கும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொருத்தரையும் மேல பாத்து கீழ பாத்து பேசுதாவ. எல்லாரோட கிரீன் கார்டையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில போடுதாவ, டப் டப்னு சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. விருந்தாளிக வரிசையில சொர்ணம் எங்கன்னு பாத்தேன். பக்கத்துல ஒரு குஜராத்தி அம்மாவைப் பிடிச்சு வச்சுக்கிட்டா, பாசை தெரியாட்டியும் பேசிக்கிட்டே இருக்கா, போன்ல கல்யாண போட்டோ காட்டுதா. கோமு மணவறையில உக்காந்திருக்க போட்டோவாத்தான் இருக்கும். சொர்ணத்துக்கு இன்னும் தெரியாது. நேத்து போன் பேசி முடிச்சதும் யாருங்கன்னு கேட்டா, வக்கீல் ஆபீஸ்தான், எல்லாம் சரியா இருக்காம்னு சொல்லிட்டேன். அவகிட்ட எப்படிச் சொல்லுவேன். அவ அப்பவே சொன்னாள்லா. மே மாசம் அடுக்களையில நின்னுக்கிட்டு, ஏங்க அந்த விழாவும் முடிஞ்சிரட்டுமே, அவசரம் என்ன, ஆவணியில வச்சுக்கிடுவோம்னா. சட்டம் தெரிஞ்சு சொல்லல, புருசன் சத்தியம் பண்ணுத போட்டோவை சம்பந்தி வீட்டுக்குக் காட்டணும்னு சொன்னா. நான்தான், உனக்கு என்னட்டி தெரியும், ஆடி வந்துட்டா ஒரு மாசம் கல்யாணமே கிடையாது, ஆவணிக்கு மண்டபம் கிடைக்காது, இருபத்தொன்பது வயசுப் பிள்ளையை இன்னும் எத்தனை மாசம் வச்சிருப்பேன்னு கத்தினேன். ஆடிக்கு முன்னால முடிச்சாகணும், அதுதான் என் புத்தியில இருந்தது. ஆனி கடைசி முகூர்த்தம். ஜோசியருகூட, அண்ணாச்சி, ஆவணி பத்துலயும் நல்ல நாள் இருக்குன்னாரு. ஆனியைக் குறிச்சுக் கொடும் ஓய்னேன். எங்க ஊர்ல ஆடின்னா ஒண்ணும் பொல்லாத மாசம் இல்ல, ஊர்ப் பெரிய திருவிழாவே ஆடித் தபசுதான். கோமதியம்மன் தவம் இருந்து கேட்டதை வாங்கிக்கிடுத மாசம். அந்த அம்மன் பேரை வச்ச பிள்ளைக்கு ஆடி ஆகாதுன்னு நான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஆடி ஒன்பது. ஒரு மாசம் பொறுத்திருந்தா போதும்.

லெட்டர் வந்ததே கல்யாணத்துக்கு மூணு நாளைக்கு முன்னாடி. நாங்க ஊர்ல இருந்தோம், பந்தக்கால் நட்டாச்சு. சங்கரலிங்கம் பிளைட் ஏறதுக்கு முன்னால வீட்டுல வந்த தபாலைப் படம் பிடிச்சு அனுப்பினான். எப்பா, ஓத் ஜூலை இருபத்தஞ்சுன்னு. வாழைமரம் கட்டுதவன்கிட்ட பேரம் பேசிக்கிட்டு இருந்தேன், அப்படியே கண்ணாடி இல்லாம ஒரு பார்வை பாத்தேன். நல்லதாப் போச்சு, அதுக்குள்ள திரும்பிடலாம்னு நெனைச்சேன். அவ்வளவுதான் நெனைச்சேன். அந்த லெட்டர்ல எழுதித்தான் இருந்திருக்கு, சத்தியம் பண்ணினாத்தான் சிட்டிசன்னு. நேத்து எடுத்து வாசிச்சேன், இருக்கு. அன்னைக்கு வாசிச்சிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பேனா? அறுநூறு பத்திரிகை போயாச்சு. பத்திரிகையில என் பேரு எப்படிப் போட்டிருந்தேன், சு. ஆவுடையப்பன் பி.ஏ., அடுத்து அடைப்புக்குறிக்குள்ள யு.எஸ்.ஏ. அச்சகத்துக்காரன் கேட்டான், ஐயா இது படிப்பா ஊரான்னு. ரெண்டும்தான்டேன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. அறுநூறு பேரு வீட்டுலயும் அந்தப் பத்திரிகை இருக்கு, ஆனி இருபத்தேழுன்னு, மஞ்சள் தடவி.

இதைவிட ஒண்ணு இருக்கு, அதை நெனைக்கக் கூடாதுன்னு நேத்து ராத்திரில இருந்து சுத்திச் சுத்திப் போறேன், எங்க போனாலும் அங்கதான் வந்து நிக்கேன். மாரித்துரை. கேஸ் போட்டு ஒரு வருசம் ஆன சமயம், கோமு அப்ப சங்கரன்கோவில்ல தனியார் ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன், அதே லேப்ல கூட வேலை பாத்த பையன். நான் ரெண்டு மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அவனே வீட்டுக்கு வந்தான், ஒரு கிலோ மாதுளம்பழம் வாங்கிக்கிட்டு, வெயில்ல முகம் கறுத்துப் போயி. உக்காரச் சொன்னேன், உக்காரல. எனக்கும் கோமதிக்கும் ஒத்துப் போவும் சார், வீட்டுல பேச அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரட்டுமான்னு கேட்டான். நல்ல பையன். நம்ம ஆளுவதான். குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, இப்பவும் யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குக் கேஸ் இருந்தது. கல்யாணம் ஆனா கேஸ் போயிடும்னு அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் கோமு சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, இட்லி, எதிர்ல உக்காந்து சொன்னேன். ஏழெட்டு வருசத்துல விசா வந்துரும்மா, அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம், அங்க போனா உன் வாழ்க்கையே வேற, அந்தப் பையன்கிட்ட நீயே சொல்லிரு. அவ நிமிந்து பாக்கல. சரிப்பான்னா. அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கிட்டுப் போயி கழுவி ஸ்டாண்டுல கவுத்தி வச்சா. அழுதாளா, சண்டை போட்டாளா, ஒண்ணும் இல்ல. சண்டை போட்டிருந்தா எனக்கு இன்னைக்கு ஏதாவது பிடிமானம் இருந்திருக்கும். மாரித்துரைக்கு அடுத்த வருசமே கல்யாணம் ஆயிட்டு, இப்ப ரெண்டு பிள்ளை, கடையநல்லூர்ல சொந்தமா லேப் வச்சிருக்கான். இவ அதே லேப்ல அடுத்தவன் ரத்தத்தைச் சோதிச்சுக்கிட்டு, யாரு வந்து என்னம்மா இன்னும் ஆவலையான்னு கேட்டாலும், அப்பா விசா போட்டிருக்காங்கன்னு சொல்லிக்கிட்டு அஞ்சு வருசம் இருந்தா. கேஸுக்காகப் பையனை வேண்டாம்னு சொல்ல வச்சேன். இப்ப நானே நாள் குறிச்சுக் கேஸையும் இல்லாம ஆக்கிட்டேன். ரெண்டுல ஒண்ணாவது அவளுக்கு நின்னிருக்கணும்லா. மாப்பிள்ளை ரத்தினவேல் நல்லவர்தான், காலேஜ்ல வேலை, அதிகம் பேச மாட்டாரு. பொண்ணு பாக்க வந்தப்ப அவிய அம்மா கேட்டாவ, அண்ணாச்சி அமெரிக்கா போக எத்தனை வருசம் ஆவும்னு. கேஸ் பக்காவா இருக்கு, ஆறு வருசம் ஏற்கனவே ஓடிட்டுன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். இனிப் புதுசாப் போட்டா பதினாலு வருசம், பதினஞ்சு வருசம்னா பத்மப்பிரியா. எனக்கு அப்ப எண்பது. விசா வரும்போது போட்டவன் இருக்கணும்.

பாக்கெட்டுல போன் அதிருது. எடுக்காமலே தெரியும், கோமுதான். வாய்ஸ் மெசேஜ், நாப்பத்தோரு நொடி. அங்க இப்ப சாயங்காலம் ஆறரை இருக்கும், ஆஸ்பத்திரில இருந்து வந்திருப்பா. கேக்கக் கூடாது, கேட்டா முகம் மாறும், மேசைக்கு இன்னும் ரெண்டே பேருதான். ஆனா இன்னொண்ணும் இருக்கு. நேத்து பத்மப்பிரியா கடைசியா ஒண்ணு கேட்டாள்லா, கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்களா அங்கிள்னு. இன்னும் இல்லம்மான்னேன். ம்னா. அவ்வளவுதான். அவ சர்டிபிகேட்டுக்காகக் கேட்டிருப்பா, வேற ஒண்ணும் இருக்காது. ஆனா அந்த ம்மைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா நான் ஒரு கல்யாணமே நடத்தி முடிச்சுட்டேன். ஆவணியில ஒரு நாள், கோமதியம்மன் சன்னதியில, நாலு பேரை மட்டும் வச்சு, மறுபடியும் ஒரு மஞ்சக் கயிறு. அந்தத் தேதியைக் கொடுத்து ரிஜிஸ்டர் பண்ணிட்டா பேப்பர்ல கல்யாணம் ஆவணிதான். யாரு கேக்கப் போறா? மண்டபத்துக்காரன் கேப்பானா? போட்டோவை எல்லாம் பேஸ்புக்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டா? கயிறு கட்டினது நிச்சயதார்த்தம்னு சொல்லிட்டா? ஐயரு மந்திரம் சொல்லலைன்னு சொல்லிட்டா? படுத்துக்கிட்டே ஒவ்வொண்ணுக்கா பதில் சொல்லிப் பாத்தேன். எல்லாத்துக்கும் பதில் இருந்தது. சொர்ணம் திரும்பிப் படுத்து, என்னங்க முனங்குதியன்னா. ஒண்ணும் இல்ல, வாயுன்னேன்.

கேட்டுட்டேன். போனைக் காதுல அமுக்கி வச்சுக் கேட்டுட்டேன். எப்பா, ஆயிட்டா? கூட்டமா இருக்கா? அம்மாகிட்ட தண்ணி பாட்டில் இருக்கா? உங்க மாப்பிள்ளை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமைக்கு டோக்கன் வாங்கிட்டு வந்திருக்காவ, பாரம் நிரப்பிக்கிட்டு இருக்கோம். எல்லாம் எழுதியாச்சு, கல்யாணத் தேதி மட்டும் எழுதல. பதினொண்ணுதான், ஆனா அமெரிக்கா கேஸுக்கு ஏதும் வேற மாதிரி போடணுமான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாம்னு விட்டு வச்சிருக்கேன். அத்தை சொல்லுதாவ, நல்லவேளை உங்கப்பா ஆடிக்கு முன்னாலயே முடிச்சிட்டாரு, இல்லைன்னா இன்னைக்கு வரைக்கும் இழுத்திருக்கும்னு. சிரிக்கா. அதோட முடிஞ்சுட்டு. அந்த இடத்தை எனக்காக விட்டு வச்சிருக்கா. நான் ஒரு வார்த்தை சொன்னா எழுதிருவா. என்னத்துக்குன்னு கேக்க மாட்டா. ஆவணின்னு சொன்னா ஆவணி, கழுத்துல இருக்கதைக் கழட்டி வைன்னா கழட்டி வச்சிருவா, மறுபடியும் கட்டிக்கோன்னா குனிஞ்சுக்கிடுவா. அதுதான் பயமா இருக்கு. ஆறு வருசமா கல்யாணம் ஆவலை ஆவலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளைகிட்ட, ஆன பிறகும் ஆவலைன்னு சொல்லுன்னு சொல்லணும். பதினஞ்சு வருசம் கழிச்சு இதே மாதிரி ஒரு மேசை முன்னால அவ நிப்பா, ஒருத்தன் கண்ணாடியை இறக்கிக்கிட்டு எந்தத் தேதின்னு கேப்பான், அவ பொய் சொல்லத் தெரியாம நிப்பா. நான் இருக்க மாட்டேன்.

நெக்ஸ்ட்னாவ. அந்த கருப்பினத்து அம்மா மேசைதான். குட்மார்னிங் மிஸ்டர், என் பேரைப் பாத்துட்டு கொஞ்சம் தயங்கி, ஆவ், ஆவுடேன்னு ஆரம்பிச்சு விட்டுட்டு சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். லெட்டரைத் திருப்பி, டிக்கை எல்லாம் பேனாவால தொட்டுக்கிட்டே வந்தாவ. ரெண்டாவது கேள்வியில பேனா நின்னுச்சு. வெளிநாடு போயிருக்கீங்க, எங்க? இந்தியா. எதுக்கு? எழுதலையேன்னு வெத்துக் கோட்டைக் காட்டுதாவ. விசிட்னு சொன்னாப் போதும். சொந்தக்காரங்களைப் பாக்கப் போனேன்னு சொன்னா போதும், அதுவும் பொய் இல்ல. பின்னால பிள்ளை கொடியைக் கீழ போட்டுட்டு அழுவுது. டாட்டர் மேரேஜ்னேன். ஓ, கங்கிராஜுலேஷன்ஸ்னு அந்த அம்மா முகமே மலந்துட்டு. எப்போன்னு கேட்டாவ. சும்மா கேட்டாவ, எழுதணும்னுகூட இல்ல, பேச்சுக்குக் கேட்டாவ. ஜூலை லெவன்த்னு சொன்னேன். பிறகு, அவிய பேனா வச்சிருக்கதைப் பாத்துட்டு, ப்ளீஸ் ரைட்னேன். ரைட் இட் மேடம். ஒரு மாதிரி என்னைப் பாத்துட்டு அந்தக் கோட்டுல எழுதினாவ. மகள் திருமணம், ஜூலை பதினொண்ணு. தலைகீழா இருந்தாலும் எனக்கு வாசிக்க முடிஞ்சது. கிரீன் கார்டை வாங்கிப் பெட்டியில போட்டாவ. டப்னு சத்தம் கேட்டது. ஒரு உறையும் ஒரு குட்டிக் கொடியும் கொடுத்து, மூணாவது வரிசை, எட்டாம் நம்பர் நாற்காலின்னாவ.

உக்காந்தேன். போனை அணைச்சிருங்கன்னு மேடையில ஒருத்தர் சொல்லுதாரு. அணைக்குதுக்கு முன்னால கொடியை மடியில வச்சுட்டு, வாய்க்கு நேரா போனைப் பிடிச்சு, பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தமிழ் தெரியாதுங்கிற தைரியத்துல சொன்னேன். கோமு, பதினொண்ணுன்னே எழுதும்மா. வேற ஒண்ணும் எழுதாத. அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன். பாஸ் ஆனதுமே சிட்டிசன் ஆயிட்டேன்னு நெனைச்சுட்டேன், இல்லையாம், இன்னைக்குக் கையைத் தூக்கினாத்தான் ஆவுமாம். உன் கல்யாணம் அதுக்கு முன்னாலயே ஆயிட்டுல்லா, அதனால கேஸ் போயிட்டு. ஆறு வருசமும் போயிட்டு. உங்க அம்மா ஆவணின்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல. மாப்பிள்ளைகிட்டயும் அத்தைகிட்டயும் நானே பேசிக்கிடுதேன், நீ ஒண்ணும் சொல்லாத. மாரித்துரை விசயத்துலயும் அப்பா... அதுக்கு மேல வரல. விரலை எடுத்துட்டேன், அது அப்படியே போயிட்டு. ரெண்டு டிக்கும் சாம்பல் நிறத்துல நின்னுச்சு. மேடையில ஒவ்வொரு நாடாப் பேரு சொல்லிக் கூப்பிடுதாவ, அந்த நாட்டுக்காரங்க எந்திரிச்சு நிக்கணுமாம். பிரேசில்னாவ, சீனான்னாவ, அந்த சீனாக்காரர் கோட்டை இழுத்து விட்டுட்டு எந்திரிச்சாரு. டிக் நீலமாயிட்டு. கேக்கா. என் குரலை இப்பக் கேட்டுக்கிட்டு இருக்கா, பக்கத்துல மாப்பிள்ளை இருக்காரோ என்னமோ, காதுல வச்சுக் கேக்கணுமே. எழுதுதான்னு மேல காட்டுது. நின்னுபோச்சு. மறுபடியும் எழுதுதா. கொலம்பியா. ஈக்வடார். நல்லா ரெண்டு வார்த்தை ஏசட்டும், என் வாழ்க்கையில ஏம்ப்பா இப்படிப் பண்ணினியன்னு ஒரு தடவை கேக்கட்டும், நான் இருக்கேன். நின்னுட்டு. மறுபடியும் எழுதுதா.

சரிப்பா, அப்படின்னு வந்தது.

இந்தியான்னு கூப்பிட்டாவ. எந்திரிச்சேன். எனக்கு முன்னாலயும் பின்னாலயும் நாப்பது அம்பது பேரு எந்திரிச்சு நின்னு சிரிக்காவ. எல்லா நாடும் முடிஞ்சதும் வலது கையைத் தூக்கச் சொன்னாவ. போன் வலது கையிலதான் இருந்தது, அதை இடது கைக்கு மாத்திட்டுத் தூக்கினேன். அந்தப் பக்கம் சொர்ணம் நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னு, போட்டோ எடுக்கணும், இங்க பாருங்கன்னு எனக்குக் கையை ஆட்டிக்கிட்டே இருக்கா.